சாப்பாட்டு மேசை இல்லாத வயல்

முதல் வகுப்பிலேயே டீச்சர் எங்கள் எல்லோரிடமிருந்தும் கறுப்பு டியூபைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

"இது கையில இருந்தா நிழல் எல்லாத்தையும் தார் ரோடு மாதிரி போட்டுடுவீங்க. கறுப்பு வேணும்னா நீலத்தையும் பிரவுனையும் கலந்து நீங்களே செஞ்சுக்கோங்க" என்றாள்.

அவளுக்கு என் வயதில் பாதி இருந்தால் அதிகம். நான் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பல் டாக்டர் மட்டும், "ஆட்டுக்குக் கண்ணு வைக்கவாவது வேணுமே" என்று இழுத்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

வகுப்பு நடப்பது ஒரு டைல்ஸ் கடையின் மாடியில். கீழே வாஷ்பேசின் வாங்க வருகிறவர்கள் டர்பன்டைன் வாடையை மோந்துவிட்டு, எங்கேயோ எதுவோ கசிகிறது என்று கடைக்காரரிடம் சொல்வார்கள். சனிக்கிழமை மத்தியானம் ஆறேழு பேர் சேருவோம். எங்களுக்கு வைத்த பாடம் ஒன்றே ஒன்று. ஒரு வயல், அதில் ஆட்கள், எண்ணெய் வண்ணத்தில், உள்ளது உள்ளபடி. இந்த 'உள்ளது உள்ளபடி'யை டீச்சர் வாய் ஓயாமல் சொல்வாள்.

எனக்கு அதில் பயம் இருக்கவில்லை. கண்ணாடிக் கடையில் அளவெடுப்பதுதான் என் வேலை. கடையில் எல்லோருக்கும் நான் கண்ணாடியக்கா. வகுப்பிலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. வருகிறவருக்கு இரண்டு கண்மணிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி, எந்தக் காது இறக்கம், மூக்குத்தண்டு எந்தப் பக்கம் கோணல் என்று பார்த்துக் குறித்துக் கொடுப்பேன். நேரான முகம் என்று ஒன்று உலகத்தில் கிடையாது. சினிமா நடிகர் மாதிரி இருக்கிற பையனுக்கும் ஒரு காது இன்னொன்றைவிட இறங்கித்தான் இருக்கும். அதை அவனிடம் சொல்லக் கூடாது. பேசாமல் பிரேமை வளைத்துக் கொடுத்துவிட வேண்டும்.

கலை ஆர்வத்தில் சேர்ந்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வீட்டில் ஓர் ஆள் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் இன்னோர் ஆளுக்கு வெளியே ஒரு வேலை வேண்டியிருக்கிறது. என் வீட்டுக்காரர் வெளியூர் பஸ் ஓட்டுகிறவர். டிப்போவில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, கீழே சிந்தியிருந்த ஆயிலில் வழுக்கி விழுந்து முதுகில் அடி. நரம்பு நசுங்கியிருக்கிறது, ஓய்வில் இருக்கட்டும் என்றார்கள். ஓய்வு அவருக்கு, தலைவலி எனக்கு என்று ஆகிவிட்டது. அடுப்படி வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "இப்ப சிம்ல வை, இப்ப ஏத்து" என்று குழம்புக்கு கியர் போடச் சொல்லிக்கொடுப்பார். இத்தனை வருஷ சர்வீசில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்று பால்காரர் வரைக்கும் சொல்லியாகிவிட்டது.

இதில் இன்னொரு எரிச்சல், நடைச் சுவர். படுக்கையறையிலிருந்து ஹாலுக்கு வருகிற வழியில், இடுப்பு உயரத்தில், சுவர் நீளத்துக்கு ஓர் அழுக்குக் கோடு விழுந்திருந்தது. வெளிர் மஞ்சள் சுண்ணாம்பில் பளிச்சென்று தெரிகிறது.

"சுவரைத் தடவிக்கிட்டேதான் நடக்கணுமா? சின்னப் புள்ளையா நீங்க?" என்று ஒருநாள் கத்தினேன்.

"பொழுது போக வேணாமா?" என்றார்.

வகுப்பில் எங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனில் ஏற்றி ஊருக்கு வெளியே கூட்டிப்போனார்கள். அறுத்து முடித்த வயல். வரப்பு, தூரத்தில் ஒரு வரிசை மரம், ஒரு மோட்டார் கொட்டகை, அதற்கு அந்தப் பக்கம் வானம். உட்கார்ந்து பென்சிலால் வரைந்துகொண்டோம். டீச்சர் ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் வந்து நின்று, தொடுவானக் கோட்டைப் போட்டாச்சா என்று கேட்டாள். நாம் நிற்கிற தரையும் எதிரே இருக்கிற தரையும் ஒரே மட்டம் என்றால், பக்கத்தில் நிற்பவர் தலையும் தூரத்தில் நிற்பவர் தலையும் அந்தக் கோட்டை ஒட்டித்தான் வரும், கால்கள்தான் மேலே கீழே போகும் என்றாள். எனக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது. இவ்வளவு நாள் கண்ணோடு வேலை பார்த்திருக்கிறேன், கூட்டத்தில் தலைகள் எல்லாம் ஒரே வரிசையில் இருப்பதைப் பார்த்ததே இல்லை.

அப்புறம் மாடி அறையில் வாரம் வாரம் வேலை நடந்தது. கேன்வாஸ் முழுக்க முதலில் மெலிசாகப் பிரவுன் பூச்சு. அதன்மேல் டர்பன்டைன் ஊற்றிக் கரைத்த வண்ணத்தில் வானம், மரம், தரை. பூச்சுக்கு மேல் பூச்சு போகப் போக எண்ணெயைக் கூட்ட வேண்டும். மாற்றிச் செய்தால் காய்ந்ததும் வெடித்துவிடும். என் வயல் சுமாராக வந்தது. பல் டாக்டரின் வயலும் அப்படித்தான், ஆனால் அவர் முன்னால் நிறுத்திய ஆடு வாயைத் திறந்துகொண்டிருந்தது. அப்படி ஒரு பல்வரிசையை ஆட்டுக்கு மட்டுமில்லை, மனிதருக்கும் நான் பார்த்ததில்லை.

"டாக்டர், ஆட்டுக்கு மேல்தாடையில முன்பல்லே கிடையாது" என்றாள் டீச்சர்.

"நான் கட்டி விட்டிருக்கேன்" என்றார் அவர்.

கடைசியாக ஆட்கள். தூரத்தில் குனிந்து நிற்கிற ஒரு பெண்ணை நான் வயலிலேயே பார்த்துக் குறித்து வைத்திருந்தேன்; அவள் நாலைந்து தூரிகைக் கோடுதான். முன்னால் நிற்கிற ஆளுக்குப் போனில் எடுத்த படம் ஆகாது, கண்ணெதிரே ஓர் ஆளை நிறுத்தித்தான் வரைய வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டாள். வேலை முடித்து மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிற ஒருவர். எனக்கு யார் இருக்கிறார்கள்?

கேட்டால் எரிந்து விழுவார் என்று நினைத்தேன். "சும்மா நிக்க ஆள் வேணுமா? அதுக்கு என்னைவிட்டா வேற யாரு?" என்று உடனே எழுந்துவிட்டார்.

வீடு துடைக்கிற மாப்புக் குச்சியைத் தோளில் போட்டுக்கொண்டார். ஹாலுக்கு நடுவில் நிற்கச் சொன்னேன். சுற்றிப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு மேசை ஓரமாகப் போய் நின்றார். "வெளிச்சம் இங்கதான் நல்லா விழுது" என்றார். ஜன்னல் அந்தப் பக்கம்தான், என் வயலிலும் வெயில் அந்தப் பக்கம்தான். இவருக்கு இதெல்லாம் தெரிகிறதே என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது.

நின்ற விதமும் நன்றாக இருந்தது. வலது கையில் குச்சி. இடது கை முதுகுக்குப் பின்னால். உடம்பு லேசாக ஒருபக்கம் சாய்ந்து, வலது கால் தளர்வாக முன்னால் நீட்டியிருந்தது. பெரிய நிலத்துக்குச் சொந்தக்காரர் மாதிரி ஒரு தோரணை. ராஜா மாதிரி இருக்கிறது, அசையாதீர்கள் என்றேன். அசையவில்லை.

போஸ் கொடுக்கிறவர் பேசக் கூடாது என்பது டீச்சரின் விதி. இவர் பேசினால்தான் நிற்பார். தினமும் நான் கடையிலிருந்து வந்து டீ குடித்ததும், வெளிச்சம் இருக்கிற வரைக்கும் இந்தக் கூத்து நடந்தது. எந்த வளைவில் எந்த மரம், எந்த ஊர் தாண்டினால் தூக்கம் வரும், எந்தக் கண்டக்டர் சில்லறைக்கு அழுவார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் பேசியதற்கப்புறம் இப்போதுதான் இவ்வளவு பேச்சு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன்.

"வர்ற வியாழக்கிழமை டிப்போ டாக்டர்கிட்ட டெஸ்ட்" என்றார் ஒருநாள். "பாஸ்னு எழுதிட்டார்னா திங்கக்கிழமையே வண்டி. பழைய ரூட்டே தரேன்னு சொல்லியிருக்காங்க."

"முதுகு?"

"அது எப்பவோ சரியாப் போச்சு. நீ கழுத்தைப் போடு முதல்ல, கழுத்தே இல்லாம நிக்கறேன் அதுல."

கழுத்தைப் போட்டேன். முகத்தைப் போட்டேன். சட்டை மடிப்பு, முழங்கால் மடிப்பு, பாதம் எல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துப் பார்த்து வைத்தேன். மேசையை விட்டுவிட்டேன். வயலில் சாப்பாட்டு மேசை ஏது? மேசை இருந்த இடத்தில் அறுத்த நெல்லின் அடித்தாள்களைப் போட்டு, வரப்பைக் கொஞ்சம் நீட்டிவிட்டேன்.

சனிக்கிழமை படத்தை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். டீச்சர் வந்து பார்த்தாள். ஓரடி பின்னால் போய் நின்று மறுபடியும் பார்த்தாள். பாராட்டத்தான் வார்த்தை தேடுகிறாள் என்று நான் வேறு நினைத்துக்கொண்டேன்.

"முகம் பிரமாதம்க்கா. ஆனா இவர் விழுறாரு" என்றாள்.

"எங்க விழுறாரு? நல்லா ஜம்முன்னுதானே நிக்கறாரு."

அவள் மேசை டிராயரிலிருந்து ஒரு நூலை எடுத்தாள். நுனியில் ஒரு நட்டு கட்டியிருந்தது, கொத்தனார் வைத்திருக்கிற தூக்குக்குண்டு மாதிரி. படத்தில் இருந்தவரின் கழுத்துக் குழியில் நூலை வைத்துப் பிடித்துக்கொண்டு நட்டைத் தொங்கவிட்டாள். ஒரு மனிதர் நிற்கிறார் என்றால், அந்த நூல் அவர் எந்தக் காலில் பாரம் போட்டிருக்கிறாரோ அந்தப் பாதத்தில் வந்து விழ வேண்டும். இரண்டு காலிலும் என்றால் இரண்டுக்கும் நடுவில். என் நூல் இரண்டு பாதத்தையும் தொடவில்லை. இடது காலுக்கும் வெளியே தள்ளி, வெறும் நெல்தாளில் போய் நின்றது.

எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. காது ஒரு மில்லி இறங்கியிருந்தாலே கண்டுபிடிக்கிறவள் நான்.

"நான் பாத்ததைத்தான் போட்டேன் டீச்சர். சத்தியமா இப்படித்தான் நின்னாரு" என்றேன்.

"அப்போ எதுலயோ சாஞ்சுக்கிட்டு நின்னிருக்காரு. அது என்ன, அதை எங்க விட்டீங்க?"

"மேசைல" என்றேன். "சாப்பாட்டு மேசை. வயல்ல அது எப்படி..."

பல் டாக்டர் சிரித்துவிட்டார். டீச்சரும் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதற்குள் டீச்சர் தூரிகையின் பின்முனையால் வலது காலைச் சுட்டிக் காட்டினாள். "இந்தக் காலைப் பாருங்க. இதுல பாரமே இல்ல. குதிகால் சும்மா தரையைத் தொட்டுக்கிட்டிருக்கு, அவ்ளோதான். முழுப் பாரமும் இடது காலும் மேசையும் சேர்ந்துதான் தாங்குது. இந்த இடது கை பின்னாடி மேசையைப் பிடிச்சுக்கிட்டிருக்கும்னு நினைக்கிறேன். தோள்பட்டை இறுகி இருக்கு பாருங்க, நீங்களே கரெக்டா போட்டிருக்கீங்க. ஒண்ணு, கையில ஒரு கம்பு குடுத்து ஊன வைங்க. இல்லன்னா சுரண்டிட்டு, மேசையை விட்டுத் தள்ளி நிக்க வெச்சு, நேரா நிமிர்த்திப் போடுங்க."

அவள் அடுத்தவர் படத்துக்குப் போய்விட்டாள். நான் அந்த வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் பிரேக் வலது காலில்.

நடைச் சுவரின் அழுக்குக் கோடு அப்போதுதான் எனக்கு விளங்கியது. போகும்போது வலது பக்கச் சுவர், திரும்பி வரும்போது எதிர்ப்பக்கம் பிரிட்ஜ், அப்புறம் கதவு நிலை, அப்புறம் நாற்காலி முதுகு. எங்கள் வீட்டில் இவர் எதையாவது தொடாமல் ஹாலைக் கடந்து நான் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. தெரியாதவர்கள் கண்ணையெல்லாம் நாள் முழுக்க உற்றுப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறேன். வீட்டில் இருக்கிறவரைப் பார்த்தேனா என்றால் இல்லை.

மறுநாள் ஞாயிறு. சாயங்காலம் மாப்புக் குச்சியை எடுத்துக் கொடுத்தேன். வழக்கம்போல மேசை ஓரம் போனார்.

"அங்க வேணாங்க. ரெண்டு எட்டு முன்னாடி வந்து நில்லுங்க. டீச்சர் வெளிச்சம் சரியில்லன்னுட்டா."

"அவளுக்கென்ன தெரியும்? இங்கதான் நல்லா விழுது."

"கொஞ்ச நேரம்தானே. வாங்க."

"குச்சியை ஊனிக்கவா?"

"தோள்ல போடுங்க."

என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் வந்தார். மேசையிலிருந்து கையை எடுக்கிறவரைக்கும் எல்லாம் சரியாக இருந்தது. ஹாலுக்கு நடுவில், குச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார். நான் தூரிகையைத் தொடவே இல்லை. வலது முழங்கால் முதலில் லேசாக நடுங்கியது. அப்புறம் பேன்ட் துணி தெரிகிற மாதிரி நடுங்கியது. நெற்றியில் வேர்த்துவிட்டது. நான் போதும் என்று சொல்வதற்குள் கால் மடங்கிவிட்டது. குச்சி தரையில் விழுந்து உருண்டது. அவர் மேசை விளிம்பை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

நான் குனிந்து குச்சியை எடுத்துச் சுவரில் சாய்த்தேன்.

"எவ்வளவு நாளா இப்படி?" என்றேன்.

"மரத்துப் போகுது, அவ்ளோதான். நின்னாத்தான். உட்கார்ந்தா ஒண்ணும் தெரியாது. பஸ்ஸை என்ன நின்னுக்கிட்டா ஓட்டறேன்?"

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"அந்த ஆளுக்கு ஒரு நாளைக்கு முப்பது டிரைவர். உட்காரவெச்சு முட்டியில ரெண்டு தட்டு தட்டிட்டு எழுதிக் குடுத்துடுவாரு."

நான் குளியலறைக்குப் போய் எடை பார்க்கிற மெஷினைக் கொண்டு வந்தேன். அதைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, எதிரே ஒரு நாற்காலியைப் போட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. பிரேக் எது என்று டிரைவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வந்து உட்கார்ந்தார்.

"மிதிங்க" என்றேன்.

வலது காலை வைத்து மிதித்தார். பல்லைக் கடித்துக்கொண்டுதான் மிதித்தார், கழுத்து நரம்பு புடைத்தது. முள் கொஞ்சம் ஏறியது, ஆடியது, அங்கேயே நின்றுவிட்டது.

"மெஷின் பழசு" என்றார்.

அவரே காலை மாற்றி இடது காலை வைத்து மிதித்தார். முள் ஒரே மூச்சில் கடைசிவரை ஓடி முட்டிக்கொண்டது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மெஷின் சரியாத்தான் இருக்கு" என்றார்.

அப்புறம்தான் சண்டை. எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். பின்னால் உட்கார்ந்திருக்கிற ஜனங்களைப் பற்றிச் சொன்னேன், குறுக்கே ஓடி வருகிற குழந்தையைப் பற்றிச் சொன்னேன், கீறல் கீறல் என்று பீற்றிக்கொண்டதையும் விடவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"காலைல எந்திரிச்சு நான் எங்க போறது, சொல்லு."

மெஷினை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை. சாப்பாடு வைத்தேன், சாப்பிட்டார். கடையில் ஒருவருக்கு இடது லென்ஸையும் வலது லென்ஸையும் மாற்றிக் குறித்துவிட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். டிப்போவின் நம்பர் என் போனில் இருந்தது. நானே கூப்பிட்டு டாக்டரிடம் சொல்லிவிடலாம். ஒரு நிமிஷ வேலை. சொல்லிவிட்டால் இந்த மனிதர் அப்புறம் என் முகத்தில் விழிக்க மாட்டார், அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். சொல்லாமல் விட்டு, திங்கட்கிழமை வண்டி கிளம்பினால் என்னால் என் முகத்தையே பார்க்க முடியாது. டெஸ்ட் முடிகிறவரைக்கும் பொறுப்போம், பாஸ் என்று வந்தால் கூப்பிட்டுவிடுவோம் என்று முடிவு செய்துகொண்டேன். முடிவு செய்ததும் நிம்மதி வரும் என்பார்கள். நான் அந்த நம்பரை எடுத்துப் பார்ப்பதும் போனை மூடி வைப்பதுமாக இருந்தேன்.

புதன்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டேன். படத்தை ஜன்னல் பக்கம் சாய்த்து வைத்து, சுரண்டுகிற கத்தியைக் கையில் எடுத்தேன். அவர் பின்னால் வந்து நின்றார். இரண்டு நாளைக்கப்புறம் வாயைத் திறந்தார்.

"டீச்சர் என்னதான் சொன்னா?"

"நேரா நிமிர்த்திப் போடச் சொன்னா. இல்லன்னா கையில கம்பு."

"கம்பு வேணாம்" என்றார். "நேராவே போட்டுடு. படத்துலயாவது நிக்கறேன்."

சொல்லிவிட்டுப் படுக்கையறைக்குப் போனார். கை சுவரைத் தடவிக்கொண்டு போகிற சத்தம் எனக்குக் கேட்டது. இத்தனை நாளும் கேட்டிருக்கிறது, காதில் வாங்கவில்லை.

கத்தியை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ. நேராக்குவது எனக்குப் பெரிய வேலை இல்லை. இடுப்பை இரண்டு விரல் நகர்த்தி, வலது காலுக்குப் பாரம் கொடுத்து, பின்னால் இருக்கிற கையை முன்னால் கொண்டுவந்தால் போதும். பிரேமை வளைக்கிற மாதிரிதான். ஆனால் அப்படி நிற்கிறவர் வேறு யாரோ. அந்த முகத்தை எனக்குத் தெரியும், அந்த உடம்பை எனக்குத் தெரியாது. சுரண்ட மனசு வரவில்லை.

கத்தியை வைத்துவிட்டு, தட்டில் பிரவுனைப் பிதுக்கினேன்.

எங்கள் சாப்பாட்டு மேசை பழையது. விளிம்பில் சன்மைக்கா கொஞ்சம் பெயர்ந்திருக்கும், ஒரு கால் ஆடாமல் இருக்க அட்டை மடித்து வைத்திருக்கும். அதை அப்படியே வயலுக்கு நடுவில் போட்டேன். டீச்சரின் விதி ஒன்றைக்கூட மீறவில்லை. மேசையின் இரண்டு பக்க விளிம்பும் நீண்டு போனால் தொடுவானக் கோட்டில்தான் ஒன்று சேரும். நாலு காலும் தாளுக்குள் புதைந்து நிற்கின்றன. நிழல் எந்தப் பக்கம் மரங்களுக்கு விழுகிறதோ அந்தப் பக்கமே விழுகிறது, கறுப்பு இல்லாமல், நீலமும் பிரவுனும் கலந்த நிழல். மேலே எங்கள் எவர்சில்வர் ஜக். ஜக்கின் வயிற்றில் வானம் வளைந்து தெரிகிறது. மண்வெட்டிக்காரர் தன் இடுப்பை அந்த மேசையில் சாய்த்துக்கொண்டு, ஒரு கையைப் பின்னால் ஊன்றிக்கொண்டு நிற்கிறார். முடித்துவிட்டு நூல் பிடித்துப் பார்த்தேன். கழுத்துக் குழியிலிருந்து விட்டால், பாதத்துக்கும் மேசைக் காலுக்கும் நடுவில் வந்து நின்றது.

வியாழக்கிழமை காலையில் குளித்து, காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு ஹாலுக்கு வந்தார். காபிக்காக உட்காரப் போனவர் படத்தைப் பார்த்துவிட்டார்.

"வயல்ல எதுக்கு மேசை?"

"நீங்க விழாம இருக்க" என்றேன். "வேற எப்படிப் போட்டாலும் அது நீங்க இல்ல."

காபியைக் குடித்தார். ஒரு கை மேசை விளிம்பில் இருந்தது. டம்ளரை வைத்தார். போய்ட்டு வரேன் என்றுகூடச் சொல்லவில்லை. வாசலில் ஆட்டோ கிளம்புகிற சத்தம் கேட்டது.

அன்றைக்குக் கடையில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மத்தியானமே கிளம்பிவிட்டேன். போனைக் கையிலேயே வைத்திருந்தேன். வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. அவர் படத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், காக்கிச் சட்டையைக் கழற்றாமல்.

"என்னாச்சு?"

"உட்காரவெச்சுத்தான் பாத்தாரு. முட்டியில தட்டினாரு. எல்லாம் நல்லா இருக்கு, போய் ஓட்டுன்னாரு. பேனாவைக்கூட எடுத்துட்டாரு."

கையிலிருந்த போனைப் பார்த்தேன். நான் கூப்பிட்டே ஆக வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"அப்புறம்?"

"ஒரு நிமிஷம் சார், எந்திரிச்சு நின்னு காட்டறேன், பாருங்கன்னேன். ரூமுக்கு நடுவுல போய் நின்னேன். பக்கத்துல மேசை கிடையாது, சுவர் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

"நின்னீங்களா?"

"நின்னேன்." படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கொஞ்ச நேரம். டாக்டர் ஒல்லிதான், ஆனா பரவால்ல, ஓடி வந்து தாங்கிட்டாரு."

நான் பக்கத்தில் போய் அவர் தோளில் கை வைத்தேன். அழுதேன் என்றும் எழுதிவிடலாம், யாரும் அடிக்கப் போவதில்லை. அவர் அழவில்லை. நரம்பு டாக்டரிடம் அனுப்புகிறார்களாம். வண்டி இப்போதைக்கு இல்லை, இனிமேலும் சந்தேகம்தான் என்றார். சொல்லிவிட்டு விரலால் படத்தைக் காட்டினார்.

"மேசை போட்டியே, நாற்காலி எங்க? எவ்வளவு நேரம்தான் நிப்பான் அந்த ஆளு?"

மறுநாள் காலையில் நான் எழுந்தபோது ஹாலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வண்டிக்குக் கிளம்புகிற பழைய நேரம் அது. இவர் முகம் மழித்து, தலை வாரி, மாப்புக் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு மேசையைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"எங்க நிக்கணும்னு சொல்லு" என்றார்.

நான் ஜன்னல் பக்கம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"நிக்க வேணாம்" என்றேன். "உட்காருங்க."